வேதாளரின் செய்தித்தாள் ஸ்ட்ரிப்களை வாசிக்கும் முறை

உலகம் பாண்டம் என்றும், தமிழ் வாசகர்கள் வேதாளர் என்றும் மாயாவி என்றும் அழைத்த அந்த முகமூடி வீரரை நம்மில் பெரும்பாலோர் இந்திரஜால், முத்து, ராணி ஆகிய காமிக்ஸ் இதழ்களின் வழியாகவே அறிந்தோம். அங்கே ஒரு பிற்பகலில் படித்து முடித்த கதை, உண்மையில் அமெரிக்கச் செய்தித்தாள்களில் ஸ்ட்ரிப் எனப்படும் படக் கட்டங்களின் வரிசை நாளுக்கு ஒன்று வீதம் மாதக்கணக்கில் ஓடிய கதை. லீ ஃபாக் எழுதி, ரே மூர் வரைந்து, கிங் ஃபீச்சர்ஸ் சிண்டிகேட் பத்திரிகைகளுக்கு வழங்கிய முதல் ஸ்ட்ரிப் 1936ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் தேதி, திங்கட்கிழமை வெளிவந்தது. சூப்பர்மேன் வருவதற்கு இரண்டாண்டு முன்பே, உடலோடு ஒட்டிய உடையும் கருவிழி தெரியாத முகமூடியும் அணிந்து, எந்த அமானுஷ்ய ஆற்றலும் இல்லாமல், உடல் வலிமையையும் நானூறு ஆண்டுப் புகழையும் மட்டுமே நம்பிப் போரிட்ட நாயகர் அவர்.

அந்தப் பழைய ஸ்ட்ரிப்கள் இப்போது மூல வடிவிலேயே கிடைக்கின்றன. ஹெர்மஸ் பிரஸ் நிறுவனம் 2010 முதல் தினசரி ஸ்ட்ரிப்களைக் கால வரிசையில் தடித்த தொகுதிகளாக வெளியிட்டு வருகிறது. கிங் ஃபீச்சர்ஸின் காமிக்ஸ் கிங்டம் இணையதளத்திலும் பழைய ஸ்ட்ரிப்களைப் பார்க்கலாம். ஆனால் காமிக்ஸ் புத்தகத்தைப் புரட்டும் வேகத்தில் இவற்றைப் புரட்டுகிறவருக்கு நாலைந்து பக்கங்களிலேயே சலிப்பு தட்டிவிடும். நேற்று நடந்ததை இன்றும் சொல்கிறார்கள், ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் யாரோ ஒருவர் திடுக்கிடுகிறார், கதை நகர்வதாகவே தெரியவில்லை என்று புத்தகத்தை மூடிவைத்துவிடுவார். ஒரு நாளின் வரிசையைத் தனி அலகாக எடுத்துக்கொண்டு வாசிக்கப் பழகியவருக்கோ, இதே ஸ்ட்ரிப்கள் காமிக்ஸ் புத்தகத்தில் கிடைக்காத ஓர் இன்பத்தைத் தரும். அந்தப் பழக்கத்தை எப்படி ஏற்படுத்திக்கொள்வது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு வரிசையைப் பிரித்துப் பாருங்கள்

கதைக்குள் நுழையும் முன்பு, ஏதேனும் ஒரு தினசரி ஸ்ட்ரிப்பை எடுத்துக்கொண்டு, அதில் எழுதப்பட்டிருப்பவை அனைத்தையும், கதைக்குத் தொடர்பில்லாத சிறு எழுத்துகள் உட்பட, ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். மேலே தலைப்பும் எழுத்தாளர், ஓவியர் பெயர்களும் இருக்கும். கட்டங்களுக்கு நடுவிலோ, ஒரு கட்டத்தின் ஓரத்திலோ சிண்டிகேட்டின் காப்புரிமை வரி பொடி எழுத்தில் இருக்கும். ஆண்டு அதில்தான் இருக்கும். இன்னொரு மூலையில் 2-17 என்பதுபோல இரண்டு எண்கள் மட்டும் கையால் எழுதப்பட்டிருக்கும். அது அந்த ஸ்ட்ரிப் வெளியான தேதி. அமெரிக்க வழக்கப்படி மாதம் முதலிலும் நாள் பின்னரும் வரும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; 3-4 என்றிருந்தால் அது மார்ச் 4, ஏப்ரல் 3 அன்று.

இந்த எண்களைப் பின்தொடர்ந்து வாசிப்பது முதல் பழக்கம். திங்கள் முதல் சனி வரை ஆறு நாட்கள் தினசரிக் கதை ஓடும். ஞாயிறன்று அது வராது. ஆகவே எண்களில் ஒன்று விடுபடும் இடமெல்லாம் வார எல்லை. முதல் கதையையே எடுத்துக்கொண்டால் 2-17 திங்கட்கிழமை, 2-22 சனிக்கிழமை, அடுத்து வருவது 2-24. சில தொகுதிகளில் ஒரு பக்கத்துக்கு மூன்று வரிசைகள், சிலவற்றில் இரண்டு வரிசைகள் என்று அச்சாகியிருக்கும் என்பதால், பக்கம் முடிவதும் வாரம் முடிவதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்தை நம்பாமல் தேதியை நம்புங்கள்.

அடுத்து, கட்டங்களின் வேலைப் பிரிவினையைக் கவனியுங்கள். முதல் கட்டம் பெரும்பாலும் நேற்றைய நிலையை நினைவூட்டும். நடுக் கட்டங்கள் ஒரே ஒரு அடி முன்னால் வைக்கும். கடைசிக் கட்டம் நாளைக்கு ஒரு கேள்வியை விட்டுச்செல்லும். தினத்தந்தியில் கன்னித்தீவை நாள்தோறும் தொடர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. பத்திரிகை வாசகர் ஒருவர் நேற்றைய தாளைத் தவறவிட்டிருக்கலாம், இன்றுதான் முதன்முறையாக அந்தப் பத்திரிகையை வாங்கியிருக்கலாம். அவரையும் கைவிடாமல், நாள்தோறும் வாசிப்பவரையும் சலிக்கவைக்காமல் நான்கு கட்டங்களுக்குள் கதையை நகர்த்துவது எழுத்தாளரின் வேலை. இதை லீ ஃபாக் தம் 24ஆவது வயதில் தொடங்கி, 1999இல் இறக்கும்வரை செய்தார். அதற்கு முன்பே, 1934 முதல், மந்திரவாதி மாண்ட்ரேக்கின் கதையையும் அவரே எழுதிவந்தார் என்பதால், இந்தச் சுருக்கக் கலையில் வேதாளர் பிறக்கும்போதே அவருக்குக் கை பழகியிருந்தது.

ஓர் அமர்வுக்கு ஒரு வாரம்

நாளுக்கு ஒரே வரிசை என்று வாசிக்கும் பொறுமை இன்று பலருக்கும் இராது. அது தேவையும் இல்லை. ஆறு வரிசைகளை, அதாவது ஒரு வாரத்தை, ஓர் அமர்வாக வைத்துக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன். ‘சிங் சகோதரத்துவம்’ என்று தொகுப்புகளில் பெயரிடப்படும் முதல் கதை 1936 பிப்ரவரி 17 முதல் நவம்பர் 7 வரை 38 வாரங்கள், 228 வரிசைகள் ஓடியது. நாளுக்கு ஒரு வாரம் வாசித்தால் ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் அதை முடித்துவிடலாம். கதை மனத்தில் ஊறுவதற்கும் அது போதுமான அவகாசம்.

ஒவ்வொரு வரிசையின் கடைசிக் கட்டத்திலும் சற்று நில்லுங்கள். அடுத்த வரிசைக்குக் கண் தானாகத் தாவும்; அதைத் தடுத்து, நாளை என்ன நடக்கும் என்று ஓர் ஊகம் செய்துகொண்டு பிறகு செல்லுங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றினாலும், இந்த ஓரிரு விநாடி நிறுத்தம்தான் அன்றைய வாசகருக்கு இருபத்து நான்கு மணி நேரமாக இருந்தது. அந்த இடைவெளியை மனத்தில் கொண்டே கடைசிக் கட்டம் எழுதப்பட்டது, வரையவும் பட்டது. நிறுத்தாமல் ஓடுகிறவர் அடுத்த வரிசையின் முதல் கட்டத்தில் அதே செய்தியை மீண்டும் சந்தித்து எரிச்சலடைவார். நிறுத்தியவருக்கு அதே கட்டம் கதையை மீண்டும் கையில் எடுத்துக் கொடுக்கும்.

திங்கட்கிழமை ஸ்ட்ரிப்பையும் சனிக்கிழமை ஸ்ட்ரிப்பையும் தனியாகக் கவனியுங்கள். ஒரு நாள் இடைவெளிக்குப் பிறகு வருவதால் திங்களின் நினைவூட்டல் சற்று நீளமாக இருக்கும். அந்த இடைவெளியைத் தாங்க வேண்டும் என்பதால் சனியின் கடைசிக் கட்டத்தில் வாசகரை இழுத்துப்பிடிக்கும் கொக்கி சற்று வலுவாக இருக்கும். சில வாரங்கள் இப்படி வாசித்த பிறகு, தேதியைப் பார்க்காமலே இது எந்தக் கிழமையின் ஸ்ட்ரிப் என்று ஓரளவு சொல்ல முடியும். அந்த நிலை வந்துவிட்டால் வடிவம் பிடிபட்டுவிட்டது என்று கொள்ளலாம்.

நினைவூட்டும் கட்டங்களைத் தாண்டிச் செல்லாதீர்கள் என்பதையும் வலியுறுத்த விரும்புகிறேன். ஃபாக் அவற்றைக் கடமைக்கு எழுதவில்லை. ‘தாமதமாக வந்தவர்களுக்காக’ என்று தொடங்கும் அவருடைய குறிப்பு வாசகர்களிடையே புகழ்பெற்றது: 1536இல் சிங் கடற்கொள்ளையர் தாக்கிய கப்பலிலிருந்து ஒருவர் மட்டும் உயிர் தப்பிக் கரையொதுங்கியதும், பண்டார் என்னும் குள்ளர் இனத்தார் அவரைக் காப்பாற்றியதும், தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின் மீது கை வைத்து, கடற்கொள்ளையையும் பேராசையையும் கொடுமையையும் அநீதியையும் அழிக்கத் தானும் தன் வழித்தோன்றல்களும் வாழ்வதாக அவர் சூளுரைத்ததும், மகனுக்குப் பின் மகனாக அந்த முகமூடி கைமாறி இப்போது இருபத்தோராவது வீரரிடம் வந்திருப்பதும், மக்களோ ஒரே மனிதர் சாவே இல்லாமல் வாழ்வதாக நம்புவதும் சில கட்டங்களுக்குள் சொல்லப்பட்டுவிடும். கதைதோறும் இது திரும்ப வந்தாலும், எதை விட்டார், எதை நீட்டினார் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கதைசொல்லி தன் மூலக் கதையை அறுபது ஆண்டுகள் எப்படியெல்லாம் செதுக்கினார் என்பது அந்தச் சில கட்டங்களில் பதிவாகியிருக்கிறது.

திரும்பத் திரும்ப வரும் சிறு அடையாளங்களும் இத்தகையவையே. வேதாளர் நகரத்துக்குச் செல்லும்போது நீண்ட மேலங்கி, தொப்பி, கறுப்புக் கண்ணாடி அணிந்து, மிஸ்டர் வாக்கர் என்னும் பெயரில் நடமாடுவார். அந்தப் பெயருக்கு மேல் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். கட்டத்தின் அடியில் அதே குறியுடன், ‘நடமாடும் ஆவி’ என்னும் பட்டத்திலிருந்து வந்த பெயர் அது என்ற விளக்கம் இருக்கும். பழைய வாசகர் அதைத் தாண்டிச் செல்வார், புதியவர் அங்கே நின்று தெரிந்துகொள்வார். வன மக்களின் பழமொழி என்று சொல்லப்படும் வரிகளும் இப்படியே குறியிட்டு வரும்; முரடர்களிடம் வேதாளர் முரடர் என்பது அவற்றில் ஒன்று. இவற்றை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். வாய்மொழிக் கதைகளில் அடைமொழி செய்யும் வேலையை இவை செய்வது புலப்படும்.

எந்தக் கதையிலிருந்து தொடங்குவது

முதல் கதையிலிருந்தே தொடங்க வேண்டும் என்று சிலர் அறிவுறுத்துவர். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். இந்திரஜால் வாசகரின் நினைவில் இருக்கும் வேதாளர் பெரும்பாலும் வில்சன் மெக்காயும் சை பேரியும் வரைந்தவர்; அந்த வாசகரின் மனக்கண்ணில் மண்டையோட்டுக் குகையும் வெண்குதிரை ஹீரோவும் ஓநாய் டெவிலும் நண்பர் குரானும் ஏற்கெனவே இடம்பிடித்திருக்கின்றனர். அவர் நேரடியாக 1936க்குச் சென்றால், இருள் சூழ்ந்த, மெலிந்த, இன்னும் முழுதாக உருப்பெறாத ஒரு நாயகரைச் சந்தித்துத் திகைப்பார். ஆகவே பழைய இதழ்களில் வளர்ந்தவர்கள், பேரி பொறுப்பேற்ற 1961ஆம் ஆண்டின் ‘முக்காரின் அடிமைச் சந்தை’ போன்ற ஒரு கதையில் தொடங்கி, தினசரி வாசிப்பின் நடையைப் பழகிக்கொண்டு, அதன் பிறகு முதல் கதைக்குப் பின்னோக்கிச் செல்வது நல்லது. வேதாளரை இதற்கு முன் அறியாதவர்களுக்கு இந்தச் சுற்றுவழி தேவையில்லை. அவர்கள் 1936இலேயே தொடங்கலாம்.

முதல் கதையை எப்போது வாசித்தாலும், ஒரு பாத்திரத்தின் மீது கண் வைத்திருங்கள். ஜிம்மி வெல்ஸ் என்னும் செல்வந்த இளைஞர், கதாநாயகி டயானா பாமரை விரும்புகிறவராக வருவார். பகலில் கவலையற்ற பணக்காரராகவும் மறைவில் முகமூடி வீரராகவும் இருப்பவர் அவரே என்று காட்டுவதுதான் ஃபாக்கின் முதல் திட்டமாக இருந்தது. கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த எண்ணத்தைக் கைவிட்டு, காட்டையும் குகையையும் பரம்பரையையும் அவர் உருவாக்கினார். புத்தகமாக எழுதியிருந்தால் முதல் அத்தியாயங்களைத் திருத்தியிருப்பார். பத்திரிகையில் அச்சேறிவிட்டதைத் திருத்த முடியாது. ஆகவே ஜிம்மியின் மீது விழும் சந்தேகக் குறிப்புகள் எந்த வாரத்தில் நின்றுபோகின்றன என்று தேடிப் பாருங்கள். ஓர் எழுத்தாளர் வாசகர்களின் கண்ணெதிரில் மனம் மாறுவதை இவ்வளவு தெளிவாகக் காணும் வாய்ப்பு அரிது. தேதியோடு வாசிப்பதன் பயன் இங்கே முழுமையாக விளங்கும். நாயகர் முதல் நாளிலேயே வருவதில்லை என்பதையும் கவனியுங்கள். டயானாவையும் கப்பலையும் கொள்ளையரையும் அறிமுகப்படுத்திய பின்பே, வாசகர் காத்திருந்த பிறகே, அவர் தோன்றுகிறார்.

டயானாவின் கதையையும் ஒரு சரடாகப் பின்தொடரலாம். முதல் வாரத்திலிருந்தே அவர் காப்பாற்றப்படக் காத்திருக்கும் பெண் அல்லர். பின்னாளில் ஐக்கிய நாடுகள் அமைப்பில் பணிபுரிகிறார். 1936இல் தொடங்கிய காதல் 1977இல்தான் திருமணத்தில் முடிந்தது. மண்டையோட்டுக் குகையில் நடந்த அந்தத் திருமணத்துக்கு மாண்ட்ரேக்கும் விருந்தினராக வந்தார். அதன் பிறகு கிட், ஹெலாய்ஸ் என்று இரட்டைக் குழந்தைகள் பிறந்தனர். நாற்பத்தொரு ஆண்டு காத்திருந்த வாசகர்கள் அந்த வாரங்களை எப்படி வாசித்திருப்பார்கள் என்பதை நினைத்துக்கொண்டு அக்கதைக்குள் செல்லுங்கள்.

ஞாயிறு பக்கங்களைக் கலக்க வேண்டாம்

வண்ணத்தில் அச்சான ஞாயிறு பக்கங்கள் 1939 மே 28 அன்று தொடங்கின. அதே காலத்தில் ஓடிய ‘டெர்ரி அண்டு தி பைரட்ஸ்’ போன்ற ஸ்ட்ரிப்பில் தினசரியும் ஞாயிறும் ஒரே கதையாக இணைந்திருந்தன; வேதாளரில் அவை தனித்தனிக் கதைகள். சில பத்திரிகைகள் தினசரியை மட்டும், சில ஞாயிறு பக்கத்தை மட்டும் வாங்கியதால், எதை வாங்கியவருக்கும் கதை முழுதாகக் கிடைக்க இந்தப் பிரிவு உதவியது. ஆகவே வாசிக்கும்போதும் இரண்டு சரடுகளாகவே வைத்துக்கொள்ளுங்கள். தேதி வரிசைப்படி இரண்டையும் கோத்து வாசித்தால் இரண்டும் கெடும்.

ஞாயிறு பக்கத்தில் இடம் அதிகம், நேரமும் அதிகம். ஒரு வாரத்துக்கு ஒருமுறை வரும் பக்கம் என்பதால் ஒவ்வொன்றும் ஒரு சிறு நிகழ்ச்சியை ஏறக்குறைய முழுதாகச் சொல்லிவிடும். மேல் வரிசையில் தலைப்புக் கட்டமும், விட்டுவிட்டாலும் கதை குலையாத ஓரிரு கட்டங்களும் இருப்பதைக் காணலாம். பக்க அளவு பத்திரிகைக்குப் பத்திரிகை மாறும் என்பதால், இடம் குறைந்த பத்திரிகை அவற்றை நீக்கிவிட்டு அச்சிடுவதற்காக அப்படி அமைத்தார்கள். நீங்கள் வாங்கும் தொகுப்பில் அந்தக் கட்டங்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வெட்டப்பட்ட பிரதியிலிருந்து அச்சிட்டிருக்கிறார்கள் என்று பொருள். கதை புரியும், ஆனால் ஓவியத்தின் நல்ல பகுதி சில வேளை அந்த நீக்கத்தக்க கட்டத்தில்தான் இருக்கும்.

உடையின் நிறத்தை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். ஃபாக் மனத்தில் இருந்தது சாம்பல் நிறம். முதல் மூன்றாண்டுகள் ஸ்ட்ரிப் கறுப்பு வெள்ளையிலேயே வந்ததால் யாருக்கும் அது தெரியவில்லை. 1939இல் ஞாயிறு பக்கம் வந்தபோது ஊதா அச்சாகி, அதுவே நிலைத்துவிட்டது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் அவர் நீலம், இத்தாலியில் சிவப்பு.

ஓவியரின் கையை அடையாளம் காணுதல்

தேதி அழிந்த பிரதி ஒன்று கையில் கிடைத்தால், அது எந்தக் காலத்தது என்று ஓவியத்தை வைத்தே பெரும்பாலும் கணிக்கலாம். ரே மூரின் பக்கங்களில் நிழல் ஆட்சி செய்யும். இரவுக் காட்சிகள், முகத்தில் பாதி இருளில் மறைந்த மனிதர்கள், தூரிகையின் நுனியால் இழுத்த மெல்லிய கோடுகள், சற்றே வளைந்து நிற்கும் ஒல்லியான வேதாளர், நேர்த்தியாக உடுத்திய பெண்கள் ஆகியவை அவர் கையின் அடையாளங்கள். என்னைக் கேட்டால், ஆவி என்று மக்கள் அஞ்சும் ஒருவருக்கு மூரின் இருளைவிடப் பொருத்தமான உடை இல்லை.

மூர் 1942இல் போர்ப் பணிக்குச் சென்றபோது அவருடைய உதவியாளர் வில்சன் மெக்காய் பொறுப்பேற்று, 1961இல் இறக்கும்வரை வரைந்தார். மெக்காயின் கோடு தடித்தது, எளியது, பின்னணி குறைவு, பாத்திரங்கள் நிழற்படத்துக்கு நிற்பவர்கள்போல நிற்பார்கள். நண்பர்களையும் அண்டை அயலாரையும் நிற்கவைத்துப் படமெடுத்து, அதைப் பார்த்து வரையும் வழக்கம் அவருக்கு இருந்தது. அவரைக் குறைத்து மதிப்பிடுவோர் பலர். ஆனால் அவர் கட்டங்களில் யார் எங்கே நிற்கிறார், என்ன செய்கிறார் என்பதில் ஒருபோதும் குழப்பம் வராது. பத்திரிகைகள் ஸ்ட்ரிப்பின் அளவைச் சுருக்கிக்கொண்டே வந்த காலத்தில் அந்தத் தெளிவு சிறிய பலமன்று.

இடையில் சிறிது காலம் பில் லிக்னான்டே வரைந்தார். 1961 முதல் 1994 வரை வரைந்த சை பேரி, தடித்தும் மெலிந்தும் ஓடும் கோட்டாலும், உண்மையான விலங்குகள், உண்மையான மரங்கள், உண்மையான நகர வீதிகளாலும் அந்த உலகத்தை நவீனமாக்கினார். அகன்ற தோளும் செதுக்கிய தாடையும் கொண்ட வேதாளர் அவருடையவர். பேரிக்குப் பின் ஜார்ஜ் ஓலசனும், 2005 முதல் பால் ரையனும், 2016 முதல் மைக் மான்லியும் தினசரியை வரைந்தனர். ஃபாக்கின் மறைவுக்குப் பிறகு டோனி டிபால் உள்ளிட்டோர் எழுதினர்.

ஒரு பயிற்சி: மூர், மெக்காய், பேரி ஆகிய மூவர் காலத்திலிருந்தும் மண்டையோட்டு மோதிரத்தின் அடி விழும் ஒரு கட்டத்தைத் தேடி எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். வலக்கை மோதிரம் தீயவரின் தாடையில் அழியாத குறியிடும்; இடக்கை மோதிரம் நல்லவருக்குப் பாதுகாப்பு முத்திரை தரும். ஒரே அடியை மூவரும் எப்படி வரைகிறார்கள் என்று பார்த்தாலே, மேலே சொன்ன வேறுபாடுகள் அனைத்தும் கண்ணில் நிற்கும்.

காமிக்ஸ் இதழில் மறைந்ததைத் தேடுதல்

பழைய இந்திய இதழ் ஒன்று உங்களிடம் இருந்தால், அதன் மூல ஸ்ட்ரிப்போடு ஒப்பிட்டு வாசிக்க ஒருமுறை நேரம் ஒதுக்குங்கள். 1964 மார்ச்சில் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ், கிடைமட்டமாக ஓடும் வரிசைகளைச் செங்குத்தான பக்கத்தில் அடுக்க வேண்டியிருந்தது. அதற்காகக் கட்டங்களின் ஓரங்களை வெட்டினார்கள், சில கட்டங்களின் ஓரங்களை வரைந்து நீட்டினார்கள், தேதியையும் காப்புரிமை வரியையும் அழித்தார்கள், நினைவூட்டும் கட்டங்களில் பலவற்றை எடுத்துவிட்டார்கள். பக்க வரம்புக்குள் அடங்காத கதையில் காட்சிகளே குறைந்தன.

வெட்டு விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்கச் சில தடயங்கள் உண்டு. வசனம் எழுதிய பலூன் விளிம்பில் இடித்துக்கொண்டிருந்தால் கட்டத்தின் ஓரம் போயிருக்கிறது. ஒரே பக்கத்தில் நான்கைந்து முறை யாரோ திடுக்கிட்டால், ஒவ்வொன்றும் ஒரு நாளின் முடிவு. அங்கே பென்சிலால் கோடிட்டால் மூல வரிசைகளை மீட்டுவிடலாம். மரத்தின் இலைகளோ நிழலோ திடீரென்று தட்டையாக மாறினால், அது வேறு கையின் வேலை. தமிழ்ப் பதிப்புகளில் இன்னொன்றும் சேரும்: ஆங்கில எழுத்துக்காக அளவிட்ட பலூனுக்குள் தமிழ் வசனத்தை அடைக்க வேண்டியிருந்ததால் பேச்சு சுருங்கியிருக்கும். சிறுவயதில் மனப்பாடமாக இருந்த வசனத்துக்குப் பின்னால் மூலத்தில் இன்னும் இரண்டு வாக்கியங்கள் இருந்ததைக் காணும்போது, மொழிபெயர்த்தவர் எதைக் காப்பாற்றத் தேர்ந்தெடுத்தார் என்பதும் தெரியவரும். அவர்கள்மீது எனக்கு மதிப்பு கூடியிருக்கிறதே தவிரக் குறைந்ததில்லை.

பெயர்களும் மாறியிருக்கும். வங்காளத்தை நினைவூட்டாமலிருக்க, மூலத்தில் பங்கல்லா எனப்படும் வேதாளரின் நாட்டுக்கு இந்திரஜால் தெங்காலி என்று பெயரிட்டது. சிங் கொள்ளையர் சிங்கா கொள்ளையர் ஆயினர். இந்திய வாசகரைப் புண்படுத்தாமலிருக்கச் செய்த இம்மாற்றம், மூலத்தில் இருந்த ஒரு சிக்கலை நம் கண்ணிலிருந்து மறைத்தும்விட்டது.

காலத்தின் கறையோடு வாசித்தல்

அந்தச் சிக்கலைத் தவிர்த்துக்கொண்டு இந்த ஸ்ட்ரிப்களை நேர்மையாக வாசிக்க முடியாது. சீக்கியரும் பிறரும் தாங்கும் ஒரு பெயரைத் தலைமுறை தலைமுறையான கொலைகாரக் கூட்டத்துக்கு வைத்தது, ஒரு வெள்ளையரைக் கருப்பின மக்கள் ஏறக்குறையத் தெய்வமாக வணங்குவது, காட்டு மக்களின் அறியாமைமீதே அவருடைய சாகாவரம் நிலைத்திருப்பது ஆகியவை 1930களின் காலனியப் பார்வையிலிருந்து வந்தவை. தொடக்கக் கதைகளின் நாடு ஆசியாவா ஆப்பிரிக்காவா என்றே தெளிவாக இராது. ஆசியச் சாயல் தூக்கலாக இருந்த அந்தக் காடு பின்னர்தான் ஆப்பிரிக்காவில் பங்கல்லா என்று நிலைபெற்றது. நேரில் கண்ட நிலத்தையன்றி, மேற்கின் கற்பனையில் இருந்த ‘கிழக்கை’ அவர்கள் வரைந்தார்கள் என்பதற்கு இந்தக் குழப்பமே சான்று.

இங்கேயும் தேதியைப் பிடித்துக்கொண்டு வாசிப்பதே வழி. 1936இல் எழுதியதையும் 1966இல் எழுதியதையும் ஒரே தராசில் இடாமல், இடையில் ஃபாக் எதை மாற்றினார் என்று பாருங்கள். ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்ற 1960களில் பங்கல்லாவும் மக்களாட்சி நாடானது. லமாண்டா லுவாகா என்னும் கருப்பின மருத்துவர் அதன் குடியரசுத் தலைவரானார். ஜெனரல் பபாபு போன்ற ஆட்சிக் கவிழ்ப்பாளர்கள் எதிரிகளாயினர். வனக் காவல் படையின் தலைமை கர்னல் வீக்ஸிடமிருந்து ஆப்பிரிக்கரான கர்னல் வொருபுவுக்குச் சென்றது. காட்டின் காவலர் என்ற நிலையிலிருந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அரசுக்குத் துணை நிற்பவர் என்ற நிலைக்கு வேதாளர் நகர்ந்தார். அடிப்படைக் கதையில் உள்ள வெள்ளையர் மையம் இதனால் நீங்கிவிடவில்லை. ஆனால் தாம் உருவாக்கிய உலகத்தை அதன் எழுத்தாளரே முப்பதாண்டு கழித்துத் திருத்த முயன்றார் என்பது கவனிக்கத்தக்கது. இளையவர்களுக்கு இந்த ஸ்ட்ரிப்களைக் கொடுப்பவர்கள், தொடக்க காலக் கதைகளைத் தனியே கையில் கொடுத்துவிட்டு விலகாமல், உடனிருந்து வாசித்து, ஒரு 1960களின் கதையையும் சேர்த்துக் காட்டுவது நல்லது.

நீண்ட நாள் வாசிக்க எண்ணுகிறவர்கள் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். கதையின் பெயர், தொடங்கிய தேதி, முடிந்த தேதி, ஓவியர், தினசரியா ஞாயிறா என்பதோடு, நாயகர் எத்தனையாவது வேதாளர் என்பதையும் எழுதுங்கள். குகையில் உள்ள தடித்த வரலாற்றேடுகளை அவர் பிரித்து வாசிக்கும் காட்சி வந்தால், அடுத்து வருவது பெரும்பாலும் முன்னோர் ஒருவரின் கதை; வனக் காவல் படையை நிறுவிய ஆறாவது வேதாளரைப் போன்றவர்களின் கதைகள் பல பத்தாண்டுகளில் சிதறிக் கிடக்கின்றன. குறிப்பேட்டில் அவற்றுக்கு மட்டும் ஒரு பக்கம் ஒதுக்கி, கதை நிகழும் நூற்றாண்டின் வரிசையில் அடுக்கிக்கொண்டால், தினசரி வாசிப்பை முடித்தபின் இரண்டாம் சுற்றுக்கு அந்த வரிசையிலேயே செல்லலாம்.